5.7 லிட்டர் கார்வெட், 1.3 லிட்டர் ஆர்எக்ஸ்-8: பழைய வேகக் கார்களில் பெட்ரோல் எங்கே போகிறது?

செவ்ரோலே கார்வெட்டின் ஐந்தாம் தலைமுறையை சி5 என்று சொல்வார்கள். அமெரிக்காவில் 1997 மாடலிலிருந்து 2004 வரை விற்ற வண்டி. 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர், ஆரம்பத்தில் 345 குதிரைத்திறன். இருபது வயது தாண்டிவிட்டதால், இன்று ஒரு புதுக் குடும்பக் காரைவிடக் குறைந்த விலைக்கே அங்கே பழைய சந்தையில் கிடைக்கிறது. விலையைப் பார்த்து ஆசைப்படுகிறவரைப் பின்வாங்க வைப்பது பெரும்பாலும் ஒரே பயம்தான்: இவ்வளவு பெரிய இன்ஜின் குடிக்கிற பெட்ரோலுக்கு யார் காசு கொடுப்பது?

அந்தப் பயத்தோடு சின்ன இன்ஜின் பக்கம் திரும்பி, அதே விலைக்கோ இன்னும் மலிவாகவோ மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்குகிறவர்கள் உண்டு. அதில் இருப்பது 1.3 லிட்டர் ரோட்டரி இன்ஜின், அதாவது மேலும் கீழும் போகும் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் இன்ஜின். ஆனால் இரண்டு வண்டியும் புதிதாக விற்றபோது ஒட்டியிருந்த அரசாங்க மைலேஜ் லேபிளைப் பாருங்கள். மேனுவல் கியர் கார்வெட்டுக்கு நெடுஞ்சாலையில் கேலனுக்கு 28 மைல், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 11.9 கி.மீ. மேனுவல் ஆர்எக்ஸ்-8-க்கு 24 மைல், லிட்டருக்கு 10.2 கி.மீ. நாலு மடங்குக்கும் பெரிய இன்ஜின், ஒவ்வொரு லிட்டரிலும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடுகிறது.

இதை லேபிளில் நடந்த தில்லுமுல்லு என்று ஒதுக்க முடியாது. நீண்ட தூரப் பயணத்தில் சி5 லிட்டருக்கு 11, 12 கி.மீ. கொடுப்பதை அதன் உரிமையாளர்கள் சாதாரணமாகப் பார்க்கிறார்கள். அதே வண்டி நகரத்துக்குள் 7 கி.மீ.-க்கு இறங்குவதையும் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

345 குதிரையில் வேலை செய்வது எத்தனை?

மணிக்கு 113 கி.மீ., அதாவது 70 மைல் வேகத்தில் சமதளச் சாலையில் சீராகப் போகும் ஒரு சி5-க்கு எவ்வளவு சக்தி தேவை என்று கணக்குப் போடலாம். வண்டியின் காற்றுத்தடைக் குணகம் 0.29. அந்தக் காலத்துக்கு அது மிக நல்ல எண், இன்றைக்கும் மோசமில்லை. முன்பக்கப் பரப்பு சுமார் 2 சதுர மீட்டர், ஓட்டுநரோடு சேர்த்து எடை 1,550 கிலோ என்று வைத்துக்கொண்டால், காற்று எதிர்ப்பு 350 நியூட்டன், டயர் உருளும் எதிர்ப்பு 180 நியூட்டன் அளவில் வருகிறது. சக்கரத்தில் வேண்டியது 22, 23 குதிரைத்திறன். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் தின்பதையும் சேர்த்தால் 25.

மீதி 320 குதிரையும் அந்த நேரத்தில் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிற திறன் பெட்ரோல் குடிப்பதில்லை. குடிப்பது வேறு: இன்ஜின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள ஆகும் உராய்வும், பாதி மூடிய த்ராட்டில், அதாவது காற்று வரும் வால்வு, வழியாகக் காற்றை இழுக்கப் படும் பாடும். இந்த இரண்டும் இன்ஜின் அளவைப் பொறுத்தது, எத்தனை தடவை சுற்றுகிறது என்பதையும் பொறுத்தது. அளவைப் பெரிதாக்கினால் நஷ்டம், சுற்றைக் குறைத்தால் லாபம். கார்வெட்டின் பொறியாளர்கள் இந்த இரண்டாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

சி5-இன் ஆறாவது கியர் விகிதம் 0.50, டிஃபரன்ஷியலில் உள்ள கடைசிப் பல்சக்கர விகிதம் 3.42. பின் டயர் 275/40, 18 அங்குலம். இதைப் பெருக்கிப் பார்த்தால் 113 கி.மீ. வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,550 தடவைதான் சுற்றுகிறது. டாக்கோமீட்டர் முள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே அசையாமல் நிற்கும். சத்தம் கேட்டுப் பழகியவருக்கு இன்ஜின் அணைந்துவிட்டதோ என்று தோன்றும் அளவு அமைதி. குறைந்த சுற்றிலேயே இழுவை நிறைய உள்ள பெரிய இன்ஜின் என்பதால்தான் இவ்வளவு நீளமான கியர் வைக்க முடிந்தது. இரண்டு லிட்டர் இன்ஜினில் இதே கியரைப் போட்டால் சின்ன ஏற்றத்திலேயே வண்டி திணறும்.

ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் இடம்?

ஆர்எக்ஸ்-8-இன் ஆறாவது கியரும் கடைசி விகிதமும் சேர்ந்து 3.7-க்கு மேல். கார்வெட்டில் அது 1.71. அதே 113 கி.மீ. வேகத்தில் மாஸ்டா 3,500 சுற்றை ஒட்டிச் சுற்றுகிறது.

அப்புறம் அந்த 1.3 லிட்டர் கணக்கு. ரோட்டரி இன்ஜினில் 1,308 கன செ.மீ. என்பது தண்டு ஒரு சுற்று சுற்றும்போது உள்ளே போகிற அளவு. சாதாரண நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் அறிவிக்கிற அளவு உள்ளே போக இரண்டு சுற்று வேண்டும். ஆக, கார்வெட்டோடு ஒப்பிட மாஸ்டாவை 2.6 லிட்டர் இன்ஜினாக எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

இப்போது பெருக்குங்கள். கார்வெட்: ஒரு சுற்றுக்கு 2.83 லிட்டர், நிமிடத்துக்கு 1,550 சுற்று, சுமார் 4,400 லிட்டர் இடம் (பெட்ரோல் அல்ல, இன்ஜின் உள்ளே இழுக்கக்கூடிய கொள்ளளவு). ஆர்எக்ஸ்-8: ஒரு சுற்றுக்கு 1.31 லிட்டர், 3,500 சுற்று, சுமார் 4,600 லிட்டர். நெடுஞ்சாலையில் இரண்டு இன்ஜினும் கிட்டத்தட்ட ஒரே அளவு இடத்தைத்தான் நிமிடம்தோறும் கடக்கின்றன, மாஸ்டா கொஞ்சம் அதிகமாகவே. பெயர்ப்பலகையில் நாலு மடங்காகத் தெரிந்த வித்தியாசம் சாலையில் காணாமல் போய்விடுகிறது.

சரி, சமமாக இருந்தால் மைலேஜும் சமமாக இருக்க வேண்டுமே? ரோட்டரியின் எரிப்பறைதான் மாஸ்டாவைக் கீழே இழுக்கிறது. அது நீண்டு தட்டையாக, நகர்ந்துகொண்டே இருக்கும் அறை. கொள்ளளவுக்கு அதன் சுவர்ப்பரப்பு அதிகம், வெப்பம் சுவருக்குப் போய்விடுகிறது. தீ அறையின் கடைக்கோடி வரை போய்ச் சேருவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது, எரியாத மிச்சம் புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது. ரோட்டர் முனையிலுள்ள ஏபெக்ஸ் சீல்கள் தேயத் தேய அமுக்கமும் கசிகிறது. அந்த இன்ஜின் 9,000 சுற்று வரை வழுக்கிக்கொண்டு ஏறுவது தனி சுகம், அதை நான் மறுக்கவே மாட்டேன். அந்தச் சுகத்துக்கு விலையாகப் பெட்ரோல் போகிறது, பெரிய கியர் போட்டாலும் முழுக்கத் திரும்பி வராது.

இன்னொரு பக்கம் 2002-இல் அமெரிக்காவுக்கு வந்த சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ். இரண்டு லிட்டர் டர்போ, 227 குதிரைத்திறன், ஐந்து கியர், நாலு சக்கர இழுவை. 70 மைல் வேகத்தில் 2,900 சுற்றை ஒட்டிச் சுற்றும். நம் கணக்குப்படி நிமிடத்துக்கு 2,900 லிட்டர்தான், கார்வெட்டைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அதன் நெடுஞ்சாலை லேபிள் 27 மைல், கார்வெட்டைத் தாண்டவில்லை. ஆக, இடத்தைக் கடக்கும் கணக்கு மட்டும் போதாது. எரிவதற்கு முன் காற்றும் பெட்ரோலும் எத்தனை மடங்கு அமுக்கப்படுகின்றன என்பதுதான் அமுக்க விகிதம், அது கூடினால் பெட்ரோலிலிருந்து வேலை அதிகம் கிடைக்கும். சுபாருவில் அது 8.0, கார்வெட்டில் 10-க்கு மேல். டர்போ அழுத்தத்தில் பெட்ரோல் தானாக வெடித்து இன்ஜின் தட்டாமல் இருக்க அமுக்கத்தைக் குறைத்தே வைக்க வேண்டிய காலம் அது. டர்போ வேலையே செய்யாத நெடுஞ்சாலை ஓட்டத்திலும் அந்தக் குறைந்த அமுக்கத்தின் நஷ்டத்தைச் சுமந்துதான் ஆக வேண்டும். உயரமான உடம்பு, நாலு சக்கரத்தையும் சுற்றும் தண்டுகள் எல்லாம் அதற்கு மேல்.

மாஸ்டா மியாட்டாவையும் விட்டுவிடக் கூடாது. 1,100 கிலோகூட இல்லாத வண்டி, 1.8 லிட்டர். 1999 வாக்கில் அதன் நெடுஞ்சாலை லேபிள் 30 மைலைத் தொடவில்லை. ஐந்தாவது கியரில் 70 மைலுக்கு 3,700 சுற்று என்பதும், சின்னதாக இருந்தாலும் காற்றுக்கு வழி விடாத திறந்த உடம்பும்தான் காரணம். நகரத்தில் மட்டும் மியாட்டா கார்வெட்டை எளிதாக வெல்லும்.

நகரத்தில் கணக்கு தலைகீழ்

1,550 கிலோவை 50 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோய் பிரேக் போட்டு நிறுத்தினால் சேர்த்து வைத்த சக்தி முழுக்கச் சூடாகிக் காற்றில் போய்விடும். இன்ஜினின் திறனையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 25 மில்லி பெட்ரோல் அளவில் காலி. சிக்னலில் நிற்கும்போது 5.7 லிட்டர் இன்ஜின் மணிக்கு இரண்டு லிட்டர் போல எரிக்கும், அந்த நேரத்தில் வண்டி ஓர் அடிகூட நகராது. ஆறாவது கியர் இங்கே எதற்கும் உதவாது, மணிக்கு 80 கி.மீ.-க்குக் கீழே அதைப் போட்டால் இன்ஜின் முனகும். பெரிய இன்ஜினின் உராய்வுச் செலவு முழுக்க வெளியே வருவது இங்கேதான்.

முழு மிதி மிதிப்பதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்த நேரத்தில் இந்த இன்ஜின் நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் லிட்டர் வரை குடிக்கும் என்பது உண்மை. ஆனால் 100 கி.மீ. வேகத்தை எட்ட ஐந்து வினாடி சொச்சம்தான் ஆகிறது, அதற்குப் பிறகு மிதியை விட்டாக வேண்டும். ஒரு தடவைக்கு 100 மில்லியை ஒட்டிச் செலவு. பொதுச்சாலையில் ஒரு நாளைக்கு அப்படி எத்தனை தடவை மிதிக்க இடம் கிடைக்கும்? கார்வெட்டின் நகர மைலேஜைத் தின்பது இந்த உற்சாகத்தைவிட சிக்னலும் நெரிசலும்தான்.

ஒன்றிலிருந்து நாலுக்குத் தள்ளும் கியர்

சி5 மேனுவலை முதல் தடவை ஓட்டுகிறவர் திகைக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் கியரில் மெதுவாக நகர்ந்து, மிதியை லேசாக வைத்துக்கொண்டு 24 முதல் 34 கி.மீ. வேகத்துக்குள் இரண்டாவதுக்கு இழுத்தால், லீவர் அங்கே போகாது. பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய் நேராக நாலாவதில் விழும். டேஷ்போர்டில் ஒன்றிலிருந்து நாலுக்கு என்று ஒரு விளக்கு எரியும். கியர்பாக்ஸில் உள்ள ஒரு சோலினாய்டு, அதாவது மின்சாரத்தில் நகரும் பூட்டு, இரண்டாவதை அடைத்துவிடுவதால் வரும் வேலை இது. இன்ஜின் சூடாக இருந்து, மிதி மூன்றில் ஒரு பங்கு அளவைத் தாண்டாமல் இருந்தால் மட்டும் நடக்கும். நன்றாக மிதித்தால் இரண்டாவது வழக்கம்போல விழும்.

இதை வைத்தது அரசாங்கச் சோதனைக்காக. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சோதனைக்கூடத்தில் கேலனுக்கு 22.5 மைலுக்குக் கீழே போகும் கார்களுக்கு அமெரிக்காவில் தனி வரி உண்டு, குறைந்தது 1,000 டாலர். சி5 அந்த வரியிலிருந்து தப்பியது, அதில் இந்தச் சோலினாய்டுக்கும் பங்கு இருக்கிறது. பழைய வண்டி வாங்குகிறவர்களில் பலர் முதல் வாரமே ஒரு சின்ன மின்தடையைச் சொருகி இதைச் செயலிழக்க வைத்துவிடுகிறார்கள். ஓட்டும் சுகத்துக்கு அது சரியான முடிவுதான். ஆனால் சோலினாய்டு சொல்லிக்கொடுத்த பழக்கம் வீணில்லை: நெரிசலில் ஒன்று, இரண்டு, நாலு என்று தாண்டித் தாண்டிப் போட்டால் இந்த இன்ஜினுக்கு ஒரு சிரமமும் இல்லை, நகர மைலேஜ் கண்ணுக்குத் தெரியும்படி ஏறும்.

லேபிளை எப்படிப் படிப்பது

அந்தக் காலத்து நெடுஞ்சாலைச் சோதனையின் உச்ச வேகம் 60 மைல், சராசரி 48 மைல். ஏசி போடாமல், மிதமான வெப்பத்தில். வந்த எண்ணில் நெடுஞ்சாலைக்கு 22 சதவீதமும் நகரத்துக்கு 10 சதவீதமும் கழித்து 1985 மாடல் முதல் லேபிளில் போட்டார்கள். 2008 மாடலிலிருந்து 80 மைல் வரை போகும் வேகச் சோதனை, ஏசி சோதனை, குளிர்ச் சோதனை எல்லாம் சேர்ந்தன. பழைய கார்களின் எண்களையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை புது முறைக்குத் திருத்தி வெளியிட்டது. கார்வெட்டின் 28 மைல் 26 ஆனது, ஆர்எக்ஸ்-8-இன் 24 மைல் 22 ஆனது. பழைய கார் வாங்குகிறவர் பார்க்க வேண்டியது இந்தத் திருத்திய எண்ணைத்தான். விளம்பரத்தில் விற்பவர் போடுவது பெரும்பாலும் பழைய எண்.

வேகமும் முக்கியம். 113-க்குப் பதில் 130 கி.மீ. வேகத்தில் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் விசை தேவைப்படுகிறது. கூரான மூக்குள்ள கார்வெட்டுக்கே இந்த நிலை என்றால், டபிள்யூஆர்எக்ஸுக்கு இன்னும் மோசம்.

எரிபொருளும் மாறிவிட்டது. சோதனை நடந்தது எத்தனால் கலக்காத பெட்ரோலில். இன்று அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளில் பெரும்பாலும் 10 சதவீத எத்தனால். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், மைலேஜில் 3 சதவீதம் அங்கேயே போய்விடுகிறது. 20 சதவீத எத்தனாலுக்கு மாறிய நம் ஊர்ப் பழைய கார்களுக்கும் இதே கணக்குதான், அங்கே 6, 7 சதவீதம்.

இருபது வயது வண்டியில் எங்கே கசிகிறது

லேபிளுக்கும் உண்மைக்கும் பெரிய இடைவெளி இருந்தால், பெரும்பாலும் அது வண்டியின் வயதுதான். 1996-க்குப் பிறகு வந்த அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் இன்ஜின் கணினியைப் படிக்க ஒரே மாதிரி ஓபிடி சாக்கெட் இருப்பதால், வாங்கப் போகும்போதே மலிவான ஸ்கேனர் ஒன்றைச் சொருகிப் பார்க்கலாம். நான் முதலில் பார்க்கச் சொல்வது தண்ணீரின் வெப்பநிலை. சி5-இன் அசல் தெர்மோஸ்டாட் 86 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறக்கும். முந்தைய உரிமையாளர் ட்யூனிங் ஆசையில் 71 டிகிரி தெர்மோஸ்டாட் மாட்டியிருக்கலாம், அல்லது பழையது திறந்த நிலையிலேயே சிக்கியிருக்கலாம். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராவிட்டால் எண்ணெய் கெட்டியாகவே ஓடும், கணினியும் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும். சின்னப் பாகம், மைலேஜை நேராகப் பாதிக்கும்.

அடுத்தது நீண்டகால ஃப்யூவல் ட்ரிம், அதாவது பெட்ரோல் அளவில் கணினி தானே செய்துகொள்ளும் திருத்தம். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 10 சதவீதத்தைத் தாண்டி ஏறியோ இறங்கியோ இருந்தால் காற்றுக் கசிவு, அழுக்குப் படிந்த காற்றளவு சென்சார், களைத்துப்போன ஆக்சிஜன் சென்சார் என்று ஏதோ ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் சென்சார் வயதானால் மெதுவாகத்தான் சாகும், எச்சரிக்கை விளக்கு எரியாமலே மாதக்கணக்கில் பெட்ரோலை வீணாக்கும்.

ஸ்கேனரில் தெரியாததும் இருக்கிறது. ஓட்டி நிறுத்தியதும் நாலு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பிரேக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போய்விட்டது, வண்டி தன் டயரைத் தானே தேய்த்துக்கொண்டு ஓடுகிறது.

மைலேஜை அளப்பதிலும் சி5 கொஞ்சம் தந்திரமானது. பின் அச்சுக்கு முன்னால் இடமும் வலமுமாக இரண்டு டேங்க், நடுவே இணைப்புக் குழாய், சேர்த்து 70 லிட்டர் அளவு. பெட்ரோல் பங்கில் ஒரு நாள் சீக்கிரம் கட் ஆகும், இன்னொரு நாள் இன்னும் சில லிட்டர் உள்ளே போகும். ஒரே ஒரு டேங்க் ஃபுல்லை வைத்து முடிவு கட்டாமல் பல நிரப்புகளின் சராசரியை எடுக்க வேண்டும். பெட்ரோலில் உள்ள கந்தகம் படிந்து டேங்க் சென்சார் கெடுவதும், முள் திடீரென்று காலி காட்டுவதும் இந்தத் தலைமுறையில் பரவலாக உள்ள பிரச்சினை, முள்ளை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். டேஷ்போர்டு காட்டும் சராசரி, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை வைத்துக் கணினி போடும் கணக்கு. முந்தைய ஆள் இன்ஜெக்டரை மாற்றியிருந்தால் அதுவும் பொய் சொல்லும். பெரிய டயர் மாட்டியிருந்தால் ஓடோமீட்டரே தூரத்தைக் குறைத்துக் காட்டும்.

காசு என்று பார்த்தால்

வருடத்துக்கு 10,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு லிட்டருக்கு 10 கி.மீ. கிடைத்தால் 1,000 லிட்டர், 8 கி.மீ. கிடைத்தால் 1,250 லிட்டர். பிரீமியம் பெட்ரோல் லிட்டர் ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 250 டாலர். சி5-க்கு நல்ல டயர் ஒரு ஜோடி வாங்கினாலே அதைத் தாண்டிவிடும். ஆர்எக்ஸ்-8-இல் ஏபெக்ஸ் சீல் போய் இன்ஜினைத் திருப்பிக் கட்டினால் ஆயிரக்கணக்கில் போகும். 2004 முதல் 2008 வரையிலான ஆர்எக்ஸ்-8 இன்ஜினுக்கு மாஸ்டாவே அமெரிக்காவில் வாரண்டியை 8 வருடம், 1,00,000 மைல் என்று நீட்டியது. அந்தக் கெடுவும் இப்போது முடிந்துவிட்டது. பெட்ரோலுக்குப் பயந்து கார்வெட்டை விட்டு 1.3 லிட்டருக்குப் போகிறவர் அதிகப் பெட்ரோலையும் போட்டு, இன்ஜின் செலவையும் தலையில் ஏற்றிக்கொள்கிறார். மலிவான ரோட்டரியை வாங்கியே தீருவேன் என்றால் அமுக்கச் சோதனை ரிப்போர்ட் இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

சி5-க்குள்ளேயே எதை எடுப்பது? நீண்ட தூரம் ஓடுகிறவருக்கு சாதாரண மேனுவல்தான் சிறந்தது. கூடுதல் திறன் கொண்ட வகையான இசட்06-இல் ஆறாவது கியர் 0.56, கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும், ஆனாலும் லேபிளில் பெரிய வித்தியாசமில்லை. ஆட்டோமேட்டிக் என்றால் கடைசி விகிதத்தைக் கேளுங்கள். 2.73 இருந்தால் நெடுஞ்சாலையில் மேனுவலுக்குப் பக்கத்தில் வரும். பிக்கப்புக்காக 3.15 கேட்டு வாங்கியிருந்தால் சுற்று 15 சதவீதம் கூடும். தினமும் ஐந்து கிலோமீட்டர் ஆபீஸ் போய்வருவது மட்டும்தான் உங்கள் ஓட்டம் என்றால், இன்ஜின் சூடேறுவதற்குள் இடம் வந்துவிடும், இந்த வண்டியின் நல்ல முகத்தை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். அதற்கு நல்ல நிலையிலுள்ள மியாட்டா எடுங்கள். வாரம் ஒருமுறை ஊர்விட்டு ஊர் போகிறவராக இருந்தால், தெர்மோஸ்டாட்டும் சென்சாரும் ஒழுங்காக உள்ள ஒரு மேனுவல் சி5-ஐ பெட்ரோல் பயம் இல்லாமல் எடுக்கலாம்.